நகையை அடகு வைத்து மெடிக்கல் கோடிங் படிக்க வைக்கலாமா?

கேள்வி: நாங்க மார்த்தாண்டம் பக்கம். நான் அண்டி ஆபீசுல (முந்திரிப் பருப்பு ஆலையில) பருப்புத் தோலெடுக்கிற வேலைக்குப் போறேன். வீட்டுக்காரர் ரப்பர் பால்வெட்டு. மூத்த பிள்ளை பி.எஸ்சி. விலங்கியல் முடிச்சு ஒரு வருஷம் ஆகப்போகுது. நாகர்கோவில்ல மெடிக்கல் கோடிங் படிச்சா உடனே வேலைன்னு ஒரு இடத்துல 45,000 ரூபாய் கேக்கிறாங்க. எங்கிட்ட இருக்கிறது ஒரு செயின்தான். அதை வைக்கலாம்னு இருக்கும்போது, திருவனந்தபுரத்துல கம்ப்யூட்டர் கம்பெனியில இருக்கிற எங்க அண்ணன் மகன், "மாமி, அதெல்லாம் ஏஐ செய்யத் தொடங்கியாச்சு, ரூவாயக் கொண்டு கடல்ல போடாதீங்க"ன்னு சொல்லுறான். பிள்ளை ரெண்டு நாளா சரியா சாப்பிடாம இருக்கா. இவரு குரூப் 4 எழுதச் சொல்லுறார். இளைய பையன் அரசுப் பள்ளியில பிளஸ் டூ. படிப்புல சுமார்தான், ஆனா மிக்சி, மோட்டார் எல்லாம் அவனே பிரிச்சு மாட்டுவான். இனி எந்த வேலைதான் நிக்கும்? பிள்ளைகள எதுல விடட்டும்?

(பெயர் வெளியிட வேண்டாம் என்று கேட்டிருக்கிறார்.)

அன்புள்ள சகோதரிக்கு,

செயினை இப்போதைக்கு வைக்க வேண்டாம். அண்ணன் மகன் சொன்னதில் பாதி சரி. மீதிப் பாதியை நான் சொல்கிறேன். மகளையும் பக்கத்தில் உட்கார வைத்து வாசியுங்கள். முதலில் சாப்பிடச் சொல்லுங்கள்.

பணம் போடப்போகிறவர் நீங்கள் என்பதால் மெடிக்கல் கோடிங் என்ன வேலை என்று உங்களுக்கும் தெரிந்திருக்க வேண்டும். அமெரிக்காவில் ஒருவர் ஆஸ்பத்திரிக்குப் போனால் பில்லைப் பெரும்பாலும் இன்சூரன்ஸ் கம்பெனியோ அரசுக் காப்பீடோ கட்டுகிறது. டாக்டர் எழுதிய குறிப்பை அப்படியே அனுப்பினால் பணம் வராது. என்ன நோய் என்பதற்கு ஒரு குறியீடு, என்ன சிகிச்சை என்பதற்கு ஒரு குறியீடு என்று மாற்றி அனுப்ப வேண்டும். 2015 அக்டோபர் 1 முதல் அங்கே ஐசிடி-10 என்ற தொகுப்பு நடப்பில் இருக்கிறது. நோய்க்கும் காயத்துக்கும் மட்டும் ஏறக்குறைய 70,000 குறியீடுகள். வாத்து மோதிக் காயம்பட்டு வந்தால் அதற்கும் தனியாக ஒன்று வைத்திருக்கிறார்கள். விளையாட்டுக்குச் சொல்லவில்லை, மகளையே தேடிப் பார்க்கச் சொல்லுங்கள்.

இந்தக் குறிப்பை வாசித்துச் சரியான குறியீட்டைப் பொருத்துகிறவர்தான் கோடர். ஒரு நோயாளிக்குச் சர்க்கரை, பிரஷர், நாள்பட்ட சிறுநீரக நோய் மூன்றும் இருப்பதாக டாக்டர் எழுதியிருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். விவரம் தெரியாதவர் மூன்றுக்கும் மூன்று குறியீட்டைத் தனித்தனியாகப் போட்டுவிடுவார். விதி அப்படி இல்லை. டாக்டர் வேறு காரணம் எழுதாத வரை, சர்க்கரையால்தான் சிறுநீரகம் கெட்டது என்று எடுத்துக்கொண்டு இரண்டையும் சேர்த்த குறியீட்டைப் போட வேண்டும். பிரஷருக்கும் இதே மாதிரி சேர்த்த குறியீடு உண்டு. சிறுநீரக நோய் எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்பதற்கு இன்னொன்று கூடுதலாக வரும். ஒன்று தப்பினால் பில் திரும்பி வரும். உடம்புக்குள் எது எதோடு சேர்ந்து கெடும் என்று படித்த விலங்கியல் பிள்ளைக்கு இது பிடித்துப்போனதில் ஆச்சரியம் இல்லை.

ஆனால் இப்படிப்பட்ட விதியை மென்பொருளுக்குச் சொல்லிக்கொடுத்தால் அது மறக்காது. மத்தியானம் சோறு உண்ட பிறகு அதற்குக் கண்ணும் சொக்காது. எக்ஸ்ரே, ஸ்கேன் ரிப்போர்ட்டுகள் சிறியவை, ஏறக்குறைய ஒரே அச்சில் வருபவை. அதனால் முதலில் அங்கேதான் இயந்திரம் கை வைத்தது. இன்று அத்தகைய ரிப்போர்ட்டுகளில் ஒரு பகுதியை ஆள் கை படாமலே மென்பொருள் முடித்து அனுப்புகிறது. அதற்குப் புரியாதவை மட்டும் மனிதரின் மேசைக்கு வருகின்றன. டாக்டர் ஓரிடத்தில் வலது மணிக்கட்டு என்றும் அடுத்த பக்கத்தில் இடது மணிக்கட்டு என்றும் எழுதியிருந்தால் யாராவது அவரிடம் திருப்பிக் கேட்க வேண்டுமே. பத்து நாள் படுக்கையில் இருந்தவரின் கோப்பு, சிக்கலான அறுவை சிகிச்சை, இன்சூரன்ஸ் மறுத்த பில்லுக்குக் காரணம் காட்டி மறுபடி அனுப்புவது, மற்றவர் போட்ட குறியீட்டைத் தணிக்கை செய்வது, இவையெல்லாம் இன்னும் அனுபவசாலிகள் கையில்தான் இருக்கின்றன.

சிக்கல் எங்கே என்றால், புதிதாகச் சேரும் பிள்ளைகளுக்குக் கம்பெனிகள் முதலில் கொடுத்துவந்தது அந்த எளிய ரிப்போர்ட்டுகளைத்தான். கொஞ்ச காலம் அதில் கை பழகி, வேகம் கூட்டி, தப்பைக் குறைத்து, அதன் பிறகே கடினமான கோப்புகளுக்குப் போவார்கள். இயந்திரம் எடுத்துக்கொண்டது அந்தப் பழகும் இடத்தை. பத்து வருஷ அனுபவம் உள்ள கோடருக்கு இன்றும் மதிப்பு இருக்கிறது. அந்தப் பத்து வருஷத்தின் முதல் வருஷத்தை உங்கள் மகள் எங்கே போய்க் கழிப்பாள்? அண்ணன் மகன் "வேலை போயிரும்" என்கிறான். நான் "வேலைக்குள் ஏறும் முதல் படி போகிறது" என்கிறேன். கோடிங்கோடு இது நிற்கவும் இல்லை. புதிதாகச் சேரும் புரோகிராமர், ஆடிட்டர் ஆபீசில் பில் ஏற்றும் உதவியாளர், டிடிபி போடுகிறவர், விளம்பர வாசகம் மொழிபெயர்க்கிறவர் எல்லோருக்கும் இதுதான் நடக்கிறது. ஏஐ பற்றி மேடையில் பேசுகிறவர்கள் பெரும்பாலும் ஏறி முடித்தவர்கள், அதனால் கீழ்ப்படி அவர்கள் கண்ணில் படுவதில்லை.

இதே மருத்துவத் துறையில் முன்பு நடந்த இரண்டு விஷயங்களைச் சொல்கிறேன். மெடிக்கல் டிரான்ஸ்கிரிப்ஷன் என்று ஒன்று இருந்தது, உங்களுக்கும் ஞாபகம் இருக்கலாம். 2000-களின் தொடக்கத்தில் தமிழ்நாட்டில் ஊருக்கு ஊர் அதற்குப் பயிற்சி நடந்தது. அமெரிக்க டாக்டர் பேசிப் பதிவு செய்ததைக் காதில் ஹெட்போன் மாட்டிக் கேட்டுத் தட்டச்சு செய்ய வேண்டும். 2009-ல் அமெரிக்கா ஆஸ்பத்திரிப் பதிவுகளைக் கணினிக்கு மாற்ற ஊக்கத்தொகை கொடுத்துச் சட்டம் போட்டது. பேச்சை எழுத்தாக்கும் மென்பொருளும் தேறியது. அந்தத் தொழில் சுருங்கி, இயந்திரம் எழுதியதைத் திருத்தும் வேலையாகக் கொஞ்சம் மிஞ்சியது.

இரண்டாவது, எக்ஸ்ரே பார்த்துச் சொல்லும் ரேடியாலஜி டாக்டர்கள். இனி புதிதாக யாரையும் அந்தப் படிப்புக்கு எடுக்க வேண்டாம், சில வருஷத்தில் இயந்திரம் அவர்களைவிட நன்றாகப் பார்க்கும் என்று 2016-ல் ஜெஃப்ரி ஹிண்டன் சொன்னார். ஏதோ வழிப்போக்கர் இல்லை, 2024-ல் இயற்பியல் நோபல் வாங்கிய ஏஐ விஞ்ஞானி. படம் பார்க்கும் மென்பொருள் வரத்தான் செய்தது, நன்றாகவே பார்க்கிறது. ஆனாலும் இன்று அமெரிக்காவில் அந்த டாக்டர்களுக்குத் தட்டுப்பாடு.

இரண்டுமே இயந்திரம் செய்யக்கூடிய வேலைகள்தானே, பிறகு ஏன் இந்த வித்தியாசம்? டிரான்ஸ்கிரிப்ஷனில் இருந்தது ஒரே காரியம், கேட்டு எழுதுவது. அதை எடுத்துவிட்டால் மிச்சம் எதுவும் இல்லை. ரேடியாலஜி டாக்டருக்குப் படம் பார்ப்பது பல காரியங்களில் ஒன்று. எந்த ஸ்கேன் தேவை என்று முடிவு செய்வார், ஊசி செலுத்தித் திசு எடுப்பார், மற்ற டாக்டரோடு பேசுவார். எல்லாவற்றுக்கும் மேலே ரிப்போர்ட்டின் அடியில் கையெழுத்துப் போடுவார், தப்பானால் கோர்ட்டில் பதில் சொல்லப் போகிறவரும் அவர்தான். ஒரு வேலையைப் பார்க்கும்போது அது கம்ப்யூட்டர் வேலையா, கை வேலையா என்று பார்ப்பதைவிட, அதற்குள் எத்தனை விதமான காரியம் இருக்கிறது, தப்பு நடந்தால் யார் கழுத்துக்கு வரும் என்று பாருங்கள். நான் பிள்ளைகளுக்கு ஆலோசனை சொல்லும்போது முதலில் கேட்பது இதைத்தான்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும், அது உங்களுக்கே நன்றாகத் தெரிந்த சங்கதி. இயந்திரம் நம்ம ஊருக்கு வந்து நம்மை வெளியேற்றும் என்று இல்லை. அண்டி ஆபீசில் 240, 320 என்று பருப்பைத் தரம் பிரிப்பீர்களே, ஒரு பவுண்டுக்கு எத்தனை முழுப் பருப்பு நிற்கும் என்ற கணக்கு, அதை உலகச் சந்தையில் விற்கிறவர்களில் வியட்நாம்காரர்கள் 2006 வாக்கில் இந்தியாவை முந்திப் போனார்கள். உடைப்பதற்கும் தோலெடுப்பதற்கும் அவர்கள் இயந்திரம் போட்டார்கள். ஆப்பிரிக்காவிலிருந்து வரும் பச்சைக் கொட்டைக்கு நம்மோடு போட்டி போட்டு விலை கொடுத்தார்கள். கொல்லத்திலும் நம் பக்கத்திலும் பல ஆபீஸ்கள் மூடியதற்கும், வாரத்தில் சில நாள் மட்டும் ஓடியதற்கும் இருக்கிற காரணங்களில் இது முக்கியமான ஒன்று. நம் ஆபீசுக்குள் மிஷின் பெரிதாக வரவில்லை, ஆனால் வேலை குறைந்தது. கோடிங்கிலும் அப்படித்தான் நடக்கும். முடிவு எடுக்கிறவர்கள் அமெரிக்க ஆஸ்பத்திரி நிர்வாகத்தில் இருக்கிறார்கள். நாகர்கோவிலில் உட்கார்ந்து வகுப்பு எடுக்கிற பயிற்சி மையத்துக்கு அந்தச் செய்தி கடைசியில்தான் வந்து சேரும். வந்தாலும் உங்களிடம் சொல்லப்போவதில்லை.

உலகப் பொருளாதார மன்றம் 2025 ஜனவரியில் ஓர் அறிக்கை வெளியிட்டது. 2030-க்குள் 9.2 கோடி வேலை போகும், 17 கோடி புதிது வரும் என்று கணக்கு. கழித்தால் லாபம் என்று பத்திரிகைகள் எழுதின. போகிற வேலை மார்த்தாண்டத்தில், வருகிற வேலை வேறு எங்கோ, வேறு படிப்புக்கு என்றால் இந்தக் கழித்தல் கணக்கால் உங்கள் வீட்டுக்கு என்ன பிரயோசனம்? அதனால் இதை இதோடு விட்டுவிடுவோம்.

இப்போது மகள் விஷயம். அவளுக்கு இந்தத் துறை பிடித்திருக்கிறது என்றால் கதவை அடைக்காதீர்கள், காசு கொடுக்காமல் தட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். உயிரியல் பட்டதாரிகளை நேரடியாக எடுத்துத் தாங்களே பயிற்சி கொடுக்கிற கோடிங் கம்பெனிகள் உண்டு. நாகர்கோவில், திருவனந்தபுரம், திருநெல்வேலி, சென்னை என்று எங்கே புதியவர்களை எடுத்தாலும் போய் நேர்முகத்தில் உட்காரட்டும். நாலு இடத்தில் போனால் ஒன்று தெளிவாகத் தெரிந்துவிடும், புதியவர்களை இன்னும் எடுக்கிறார்களா இல்லையா என்று. நான் இங்கிருந்து ஆயிரம் சொல்வதைவிட அது நம்பகமான தகவல். எடுத்தால் ஒரு பைசா இல்லாமல் உள்ளே போய்விடுவாள். எடுக்கவில்லை என்றால், 45,000 கட்டிப் படித்தவளையும் அவர்கள் எடுக்கப்போவதில்லை.

அந்தப் பயிற்சி மையத்துக்கு ஒரு தடவை நீங்களே மகளோடு போங்கள். கடந்த ஆறு மாதத்தில் முடித்தவர்கள் யார் யார், எங்கே சேர்ந்திருக்கிறார்கள், அவர்களில் நாலு பேரோடு போனில் பேச முடியுமா என்று கேளுங்கள். "போன வருஷம்", "அதுக்கு முந்தின வருஷம்" என்று இழுத்தால் எழுந்து வந்துவிடுங்கள். வேலை உறுதி என்கிறார்களே, கிடைக்காவிட்டால் பணம் திரும்ப வருமா, அதை எழுத்தில் தருவார்களா என்றும் கேளுங்கள். சிபிசி என்ற சான்றிதழ்த் தேர்வுக் கட்டணமும் அந்த 45,000-க்குள் அடங்குமா என்று கேட்க மறக்க வேண்டாம். அதை நடத்துவது அமெரிக்க அமைப்பு, கட்டணம் டாலரில். நான்கு மணி நேரத்தில் 100 கேள்வி, 70 சதவீதம் எடுக்க வேண்டும். எடுத்தாலும் அனுபவம் இல்லாதவர்களுக்குச் சான்றிதழில் 'பயிற்சி நிலை' என்று ஓர் எழுத்தைச் சேர்த்தே கொடுப்பார்கள். அந்த எழுத்தைத் தூக்கவும் பெரும்பாலும் வேலை அனுபவம் காட்ட வேண்டும். மறுபடியும் அந்த முதல் படிதான்.

2011 கணக்கெடுப்பில் 91.75 சதவீத எழுத்தறிவோடு தமிழ்நாட்டிலேயே முதலில் நின்ற மாவட்டம் நம்முடைய கன்னியாகுமரி. படித்த பிள்ளைகள் வீட்டுக்கு வீடு இருக்கிறார்கள், படிப்புக்குத் தக்க வேலை உள்ளூரில் குறைவு. இந்த இடைவெளியில்தான் 'நூறு சதவீத வேலை உறுதி' என்ற போர்டுகள் முளைக்கின்றன. கோடிங் போனால் நாளைக்கு ஏஐ பயிற்சி என்று அதே கட்டடத்தில் அதே ஆள் போர்டு மாற்றுவார். கொஞ்சம் கடுமையாகத் தெரியலாம், ஆனால் இந்த வேலையில் இருக்கிற எனக்கு அவர்கள் மேல் கோபம் உண்டு, மறைக்க விரும்பவில்லை.

கோடிங் கிடைக்காவிட்டாலும் அதன் அடிப்படை மகளுக்கு வேறு இடத்தில் உதவும். நம் ஊர் ஆஸ்பத்திரிகளிலேயே இன்சூரன்ஸ் பிரிவு என்று ஒரு மேசை இருக்கும், பார்த்திருப்பீர்கள். முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டம், தனியார் இன்சூரன்ஸ் எல்லாவற்றுக்கும் ஆபரேஷனுக்கு முன் அனுமதி வாங்குவது, டாக்டர் குறிப்பைச் சேர்த்து அனுப்புவது, மறுத்தால் காரணம் கேட்டு மறுபடி அனுப்புவது, பதறி நிற்கிற குடும்பத்துக்கு நிலைமையைச் சொல்வது எல்லாம் அங்கே நடக்கும். மென்பொருள் அங்கேயும் வரும், படிவத்தை நிரப்பித் தரும். ஆனால் "அப்ரூவல் எப்போ வரும்?" என்று கண்ணீரோடு நிற்கிறவருக்குப் பதில் சொல்ல ஒரு ஆள் வேண்டும், டாக்டர் அறைக்கு ஓடிப்போய்க் கையெழுத்து வாங்கவும் ஆள் வேண்டும். தொடக்கச் சம்பளம் பெரிதாக இருக்காது, அதைச் சொல்லாமல் விட்டால் தப்பு. ஆனால் சம்பளம் வாங்கிக்கொண்டே மருத்துவக் குறிப்பு வாசிக்கப் பழகலாம். கோடிங் கம்பெனிக்கு ஒரு வருஷம் கழித்துப் போனால் வெறும் பட்டதாரியாகப் போக மாட்டாள்.

நர்சிங், லேப் டெக்னீசியன் என்று பிளஸ் டூவிலிருந்து மறுபடி தொடங்குகிற வழியும் இருக்கிறது. பி.எஸ்சி. நர்சிங் என்றால் நான்கு வருஷம். நான் மேலே சொன்ன இரண்டு கேள்விக்கும் நர்சிங் நன்றாகவே பதில் சொல்லும், நம் மாவட்டத்துப் பிள்ளைகள் அதை வைத்து வெளிநாடு வரை போயிருக்கிறார்கள். ஆனால் ரத்தத்தையும் ராத்திரி டூட்டியையும் தாங்குகிற மனசு வேண்டும். விருப்பம் இல்லாத பிள்ளையை, இயந்திரம் தொடாத வேலை என்ற ஒரே காரணத்துக்காக அதில் தள்ளாதீர்கள்.

குரூப் 4 பற்றி உங்கள் வீட்டுக்காரருக்கு ஒரு வார்த்தை. எழுதட்டும், ஆனால் அது ஒன்றையே நம்பி வீட்டில் உட்கார வேண்டாம். 2024-ல் முதலில் அறிவித்தது 6,244 இடம், விண்ணப்பித்தவர்கள் 20 லட்சத்துக்கும் மேல். மாவட்ட வேலைவாய்ப்பு அலுவலகத்தின் தன்னார்வப் பயிலும் வட்டத்தில் பயிற்சி இலவசம். அதற்கும் காசு கட்ட வேண்டியதில்லை.

வீட்டுக்காரரைச் சொன்னதும் அவருடைய வேலையும் நினைவுக்கு வருகிறது. விடியுமுன் தலையில் லைட்டைக் கட்டிக்கொண்டு, சரிவில் கால் வழுக்காமல் நின்று, மரத்துக்கு மரம் பட்டையின் கனம் பார்த்துக் கத்தியை இழுக்கிறார். உள்ளே இருக்கிற தளிர் அடுக்குக்கு ஒரு மில்லிமீட்டர், ஒன்றரை மில்லிமீட்டர் முன்னால் கத்தி நிற்க வேண்டும். மேலோட்டமாகப் போனால் பால் குறையும், ஆழமாகப் போனால் மரம் காயப்பட்டுப் புதுப்பட்டை முண்டும் முடிச்சுமாக வளரும். இதை அவர் யோசித்துச் செய்வதில்லை, கை செய்துகொள்கிறது. சீனாவின் ஹைனான் தீவில் பால்வெட்டும் இயந்திரங்களைச் சோதித்துக்கொண்டிருக்கிறார்கள். மரத்தில் பொருத்தும் வகை என்றால் ஒவ்வொரு மரத்துக்கும் ஒன்று வேண்டும், நகர்ந்து போகிற வகை என்றால் நம்ம ஊர் மேட்டிலும் பள்ளத்திலும் ஏற வேண்டும். அறிவுத் தேர்வுப் புதிர்களை விடுவிக்கிற அறிவு இயந்திரத்துக்குச் சுலபமாக வந்துவிடும், ஒரு வயதுக் குழந்தையின் கை கால் லாகவம் வருவதுதான் கஷ்டம் என்று ஹான்ஸ் மொராவெக் என்ற ரோபோ ஆய்வாளர் 1980-களிலேயே எழுதினார். பட்டம் வாங்கிய மகளின் ஏசி அறை வேலைதான் முதலில் ஆட்டம் காண்கிறது, அப்பாவின் கத்தி வேலை அவ்வளவு சீக்கிரம் போகாது.

அதற்காகப் பையனைப் பால்வெட்டுக்கு விடச் சொல்லவில்லை. மழை பெய்தால் வெட்டு இல்லை, இலை உதிர்கிற மாதங்களில் வெட்டு இல்லை, வெட்டு இல்லாத நாளில் கூலி இல்லை. விலையைத் தீர்மானிப்பது எங்கோ இருக்கிற சந்தை. இயந்திரத்தால் செய்ய முடியாத வேலைக்குக் கூலி தானாக உயர்ந்துவிடும் என்று யாராவது சொன்னால், பால்வெட்டுக்காரர் வீட்டுக் கணக்கு நோட்டை வாங்கிப் பார்க்கச் சொல்லுங்கள்.

பையனுக்கு வருகிறேன். உண்மையில் உங்கள் கடிதத்தில் எனக்கு அதிகம் நம்பிக்கை கொடுத்தது அவன்தான். மிக்சியையும் மோட்டாரையும் பிரித்து மறுபடி ஓட வைக்கிற பையனைப் 'படிப்பில் சுமார்' என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டீர்கள். எது கெட்டிருக்கிறது என்று தேடிக் கண்டுபிடிப்பது, அதுவும் ஒவ்வொரு இடத்திலும் வேறு வேறு மாதிரி கெட்டிருப்பதைக் கண்டுபிடிப்பது, இயந்திரத்துக்குக் கஷ்டமான காரியம். இனி வரப்போகிற இயந்திரங்களும் கெடத்தான் போகின்றன, யாராவது போய்ச் சரி செய்ய வேண்டும்.

நம்ம பக்கத்திலேயே பாருங்கள். ஆரல்வாய்மொழி, முப்பந்தல் காற்றாலைகளில் பல, பழைய சிறு ஆலைகள். அவற்றைக் கழற்றிப் பெரியவை நிறுத்தவும், பழையதைப் புதுப்பிக்கவும் தமிழ்நாடு அரசு 2024-ல் ஒரு கொள்கை அறிவித்திருக்கிறது. புதியவற்றைத் தூரத்தில் உட்கார்ந்து கணினியில் கண்காணிக்கலாம், ஆலைகளின் எண்ணிக்கையும் குறையும். ஆகவே ஆள் கூட்டம் கூடும் என்று சொல்ல மாட்டேன். ஆனால் உச்சியில் ஏறி எலெக்ட்ரானிக் பாகத்தைச் சோதித்து மாற்றத் தெரிந்தவனுக்கு மவுசு கூடும். களியக்காவிளை தாண்டினால் விழிஞ்ஞம் துறைமுகம். 2025 மே மாதம் பிரதமர் அதை நாட்டுக்கு அர்ப்பணித்தார். அங்கே கன்டெய்னரைத் தூக்குகிற கிரேன்களைக் கட்டுப்பாட்டு அறையில் திரை பார்த்து இயக்குகிறார்கள், அந்த இருக்கையில் விழிஞ்ஞத்தையும் பக்கத்துக் கடற்கரை ஊர்களையும் சேர்ந்த பெண்கள் சிலரும் உட்கார்ந்திருக்கிறார்கள். பழைய துறைமுகத்தில் நூறு பேர் சுமந்ததை இங்கே பத்துப் பேர் முடித்துவிடலாம், உண்மைதான். அந்தப் பத்துப் பேரோடு மோட்டார், சென்சார், வயரிங் பார்க்கிற ஆட்களும் வேண்டும்.

அதற்கு வாசல் அரசு ஐடிஐ. நாகர்கோவிலில் கோணம் என்ற இடத்தில் இருக்கிறது. எலெக்ட்ரீசியன் பிரிவு இரண்டு வருஷம். தமிழ்நாட்டில் 71 அரசு ஐடிஐகளை 2,877 கோடி ரூபாய்த் திட்டத்தில் நவீனப்படுத்தி, தானியங்கி உற்பத்தி, ரோபோ, மின்சார வாகனம் பழுது பார்ப்பது போன்ற புதுப் பிரிவுகளைத் தொடங்கினார்கள். எந்த ஐடிஐயில் எந்தப் பிரிவு இந்த வருஷம் இருக்கிறது என்று நேரில் போய்க் கேளுங்கள், பட்டறைக்குள் போய் மிஷின் ஓடுகிறதா, துணி போர்த்தி வைத்திருக்கிறார்களா என்றும் பையனையே எட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். படிப்புக் கட்டணம் இல்லை. மாதம் 750 ரூபாய் உதவித்தொகை. அரசுப் பள்ளியில் ஆறாம் வகுப்பிலிருந்து படித்த பையன் என்றால் தமிழ்ப் புதல்வன் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் தனியாக வரும், ஐடிஐக்கும் அது பொருந்தும். முடித்த பிறகு அப்ரன்டிஸ், அதாவது கம்பெனியில் வேலை பார்த்துக்கொண்டே பழகும் பயிற்சிக்குப் போகலாம். மேலே படிக்கத் தோன்றினால் பாலிடெக்னிக்கில் நேராக இரண்டாம் வருஷம் சேரவும் வழி உண்டு. முதல் படியே இல்லாமல் போகிறது என்று இவ்வளவு நேரம் புலம்பினேனே, அப்ரன்டிஸ் என்பது அந்தப் படியைச் சட்டம் போட்டு வைத்திருக்கிற ஏற்பாடு. 30 பேரோ அதற்கு மேலோ வேலை பார்க்கிற கம்பெனி எடுத்தே ஆக வேண்டும், உதவித்தொகையும் கொடுக்க வேண்டும். மகளின் துறைக்கு இப்படி வலுவான ஏற்பாடு நடைமுறையில் இல்லாததுதான் அவளுடைய கஷ்டம்.

ஒரு எச்சரிக்கை. எலெக்ட்ரீசியன் முடித்ததும் வளைகுடா என்று ஏஜென்ட் யாராவது வீடு தேடி வருவார். அனுபவம் இல்லாமல் போனால் அங்கே உதவியாள் கூலிதான். இங்கே இரண்டு வருஷமாவது ஒரு நல்ல இடத்தில் கை பழகிவிட்டுப் போகட்டும்.

ஐடிஐ விண்ணப்பம் இப்போது ஆன்லைனில்தான், பிளஸ் டூ தேர்வு முடிந்ததுமே அறிவிப்பைக் கவனிக்கத் தொடங்குங்கள். பத்தாம் வகுப்பு மதிப்பெண் பட்டியல், மாற்றுச் சான்றிதழ், சாதிச் சான்றிதழ், ஆதார், அவன் பெயரில் வங்கிக் கணக்கு, இவை கையில் இருக்கட்டும். ஆதாரில் ஒரு பெயரும் பத்தாம் வகுப்புச் சான்றிதழில் வேறு எழுத்தும் இருந்தால் உதவித்தொகை நிற்கும். அதை இப்போதே ஆதார் மையத்தில் சரி செய்துவிடுங்கள், கடைசி வாரத்தில் போனால் அங்கே கூட்டம் தாங்காது.